எங்கள் வீட்டின் குறைகள்

"ரொம்ப அழகா வந்திருக்கு" என்றான் கணவன், ஏதோ கெட்ட சேதி சொல்வதுபோல. செல்போனை என் முகத்துக்கு நேராக நீட்டினான். பக்கவாட்டு அறைச் சுவரின் ஈரத்தைத்தான் எடுத்திருந்தான். காலை வெயில் சன்னலிலிருந்து சாய்வாக விழுந்ததில், ஈரம் படர்ந்த ஓரங்கள் மலைத்தொடர் மாதிரி வளைந்து வளைந்து போயின. நடுவில் உப்புப் பூத்து வெண்மையாக ஒரு ஏரி. "இதை அனுப்பினா வரியை இன்னும் ஏத்திடுவாங்க. நீ அந்தத் திரையை இழுத்து விடு. அசிங்கமா எடுக்கணும்."

சில மாதங்களுக்கு முன் இதே சுவரை இதே போனில் எடுத்திருக்கிறோம், உறவினர்களுக்கு அனுப்புவதற்காக. அப்போது ஈரம் தெரியக்கூடாது என்று நான் அதன்மேல் சாய்ந்துகொண்டு, சன்னலைப் பார்ப்பதுபோலச் சிரித்தபடி நின்றேன். இப்போதும் பழக்கதோஷத்தில் அதே இடத்தில் போய் நின்றுவிட்டேன். "நீ தள்ளிக்கோ. நீ நின்னா சுவர் நல்லா தெரியுது" என்றான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் வாயிலிருந்து வந்த மிகப் பெரிய பாராட்டு அது. அவனுக்கு அது தெரியவில்லை என்பதால் அதன் மதிப்பு கூடத்தான் செய்தது.

வீட்டு வரி நோட்டீஸ் வந்த அன்று, உண்மையைச் சொன்னால், முதலில் எனக்கு வந்தது பெருமைதான். நாங்கள் கொடுத்த விலையைவிட வெகு அதிகமாக வீட்டை மதித்திருந்தார்கள். வீடு வாங்கியபோது கணவனின் பெரிய அண்ணன் வாசலிலேயே நின்று, கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏமாந்துட்டியேடா" என்று சொன்னவர். அவரிடம் இந்தக் காகிதத்தைக் காட்ட வேண்டும் என்றுதான் தோன்றியது. அதில் என்ன எழுதியிருக்கிறது பாருங்கள், நல்ல நிலையில் உள்ள வீடு, நான்கு அறைகள். எவ்வளவு கௌரவமான சொற்கள். கணவன் அதை இரண்டாம் முறை படித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபோதுதான் இது பாராட்டுப் பத்திரம் இல்லை என்று உறைத்தது.

தெருவில் மற்ற வீடுகளையெல்லாம் புதுப்பித்துக்கொண்டே இருந்தார்கள். எப்போதும் ஏதாவது ஒரு வீட்டின் முன்னால் மணலும் கல்லும் கொட்டிக் கிடக்கும். வரி ஆபீஸிலிருந்து யாரோ ஒருவர் தெருவோடு போனபடி, அந்த வீடுகள் இவ்வளவு என்றால் இதுவும் இவ்வளவு என்று எங்கள் வீட்டையும் வரிசையில் சேர்த்துவிட்டார். வெளியிலிருந்து பார்த்தால் எங்கள் வீடும் அப்படித்தான் இருக்கும். கடன் தவணையோடு இந்த வரியும் சேர்ந்தால் எங்கள் இருவர் சம்பளத்தில் அடங்காது. அடங்கவைக்க ஒரே வழிதான் இருந்தது. பக்கவாட்டு அறைக்குச் சந்துப் பக்கம் தனியாக ஒரு கதவு உண்டு. அதை வாடகைக்கு விட்டுவிடலாம். அந்த அறை அத்தையுடையது. என் மாமியார்.

மாமா போன பிறகு அத்தை மூன்று மகன்கள் வீட்டிலும் முறைவைத்து இருந்தவர். பெரியவர் வீட்டில் டிவி இருக்கும் கூடத்தில் படுக்கை, எல்லோரும் பார்த்து முடித்த பிறகுதான் அவருக்கு இரவு தொடங்கும். நடுவில் உள்ளவர் வீட்டில் பேத்திகளின் அறையில் கீழ்க்கட்டில். எங்களுடைய பழைய வாடகை வீட்டில் சோபா. இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரம், பட்டப்பகலில் அத்தையின் அறைக் கதவு சாத்தியே இருந்தது. உடம்புக்கு ஏதோ என்று பயந்து தட்டினேன். கட்டில் விளிம்பில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"முடியலையா அத்தை?"

"நல்லாதான் இருக்கேன். சாத்திப் பார்த்தேன்."

நான் கதவை மறுபடி சாத்திவிட்டு வந்தேன். அதன் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் சமையலறையில் நிற்கும்போது அந்தத் தாழ்ப்பாள் விழும் ஓசை கேட்டால் எனக்குக் காரணமில்லாமல் ஒரு சந்தோஷம் வரும். வீட்டை வாங்கியதன் லாபம் முழுவதும் அந்தச் சின்ன 'டக்' ஓசையில் வந்துவிட்டதுபோல. வாடகைக்கு விடும் பேச்சை எங்கள் அறைக்குள் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் பேசினோம். ஆட்சேபணை மனு கொடுத்துப் பார்க்கலாம், தோற்றால் மட்டும் அத்தையிடம் சொல்லலாம் என்று முடிவு. யார் சொல்வது என்று மட்டும் முடிவாகவில்லை. "உன் மேலதான் அம்மாவுக்குப் பிரியம்" என்றான். "உனக்குத்தான் அவங்க அம்மா" என்றேன். அத்தையின் எதிரில் அவனை நீங்க, வாங்க என்பேன். எங்கள் அறைக் கதவுக்கு இந்தப் பக்கம் வந்தால் அந்த மரியாதை செருப்பைப் போல வெளியே நின்றுவிடும்.

ஆக, வீட்டில் என்னென்ன குறை என்று எழுத உட்கார்ந்தோம். சாப்பாட்டு மேசையில் கணவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். சமையலறைக் கதவு முனகும். குளியலறைக் குழாய் சொட்டும். கைகழுவும் பேசினில் ஒரு மூலை உடைந்து, அங்கிருந்து ஒரு விரிசல் அடிவரை ஓடும். சுவர்கள் மெல்லிசு, ஒரு அறையில் பேசுவது அடுத்த அறையில் கேட்கும். பக்கவாட்டு அறையில் ஈரம். அத்தை எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

"வீட்டுக்கு வந்த மருமகளைப் பத்தி ஊர்ல போய்க் குறை சொல்ற மாதிரி இருக்குடா இது."

"நீங்க சொல்லலையா அத்தை?" என்றேன்.

"சொன்னேன். இல்லைங்கலை. எழுதிக் கையெழுத்துப் போட்டு ஆபீஸ்ல குடுத்தேனா?"

கணவன் சிரித்ததில் புரையேறியது. நானும் சிரித்தேன். ஆனால் பேனா நின்றுவிட்டது. எனக்குள் ஏதோ நடந்துகொண்டிருந்தது. இந்த வீட்டை வாங்கிய நாளிலிருந்து நான் அதை முழுதாக நம்பியதில்லை. வேறு யாருடைய வீட்டிலோ விருந்தாளியாக இருப்பதுபோல, சுவரில் ஆணி அடிக்கவும் கை கூசியது. இப்போது ஒவ்வொரு குறையாகச் சொல்லச் சொல்ல, வீடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. கதவு எந்த இடத்தில் முனகும், பாதி திறக்கும்போதா முழுக்கத் திறக்கும்போதா என்றுகூட எனக்குத் தெரிந்திருந்தது. இவ்வளவு தெரிந்த பிறகு அந்நியம் என்று எப்படிச் சொல்ல?

நான் பல் லேபில் வேலை செய்கிறேன். டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு பற்கள் செய்வது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் செய்த பற்களெல்லாம் முத்து முத்தாக, ஒரே வெண்மையில் இருக்கும். வாயில் வைத்துப் பார்த்தால் கடையில் வாங்கியது என்று தூரத்திலிருந்தே தெரியும். பிறகுதான் கற்றுக்கொண்டேன். ஓரத்தில் லேசான மஞ்சள், ஒரு பல் மற்றதைவிடக் கொஞ்சம் திரும்பி, நுனியில் தேய்ந்த ஒரு கோடு. அப்போதுதான் அது ஒருவருடைய பல்லாகும். மனுவின் கீழே கையெழுத்துப் போடும்போது அந்த நினைப்பு வந்தது. போட்டோக்களை இணைத்து அனுப்பினோம். கொஞ்ச நாளில் பதில் வந்தது. விசாரணைக்கு முன்பாக அதிகாரி ஒருவர் நேரில் வந்து வீட்டைப் பார்ப்பார்.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் நான் செய்ததை எந்த வகையில் சேர்ப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அன்று லேபிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டேன். கை கழுவப் போனேன். அந்த உடைந்த மூலை என்னைப் பார்த்தது. நாளைக்கு முன்பின் தெரியாத ஒருவர் வந்து இங்கே நின்று, குனிந்து, இதைப் பார்ப்பார் என்று நினைத்தபோது கழுத்துவரை சூடு ஏறியது. குறையைப் பார்க்கத்தானே வருகிறார் என்று புத்தி சொன்னது. விருந்தாளி வரும் வீட்டில் உள்பாவாடையை வெளியில் காயப்போடுவார்களா என்று வேறொன்று கேட்டது. பையில் லேப் சாமான்கள் இருந்தன, பல் செய்யும் தூளும் திரவமும், பல்லின் நிறத்தைப் பொருத்திப் பார்க்கும் ஷேடு கார்டும். அந்த மூலையை மட்டும், விரலைக் கிழிக்காமல் இருக்க, என்று எனக்கே சொல்லிக்கொண்டுதான் ஆரம்பித்தேன். பேசினின் வெண்மை வெறும் வெண்மை அல்ல, பழைய பீங்கானின் சாம்பல் கலந்த மங்கல். ஷேடு கார்டை அதன்மேல் வைத்துப் பொருத்திப் பார்த்ததும் கைக்குப் பித்துப் பிடித்துவிட்டது. மூலையை அடைத்தேன். பிறகு விரிசல். பிறகு தேய்த்து மெருகேற்றினேன். பின்னால் தள்ளி நின்று பார்த்தபோதுதான் என்ன செய்துவிட்டேன் என்று தெரிந்தது. ஒன்று போனால் என்ன, மற்ற குறைகளெல்லாம் இருக்கின்றனவே என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். கணவனிடமும் அத்தையிடமும் சொல்லவில்லை.

வீடெங்கும் பெயிண்ட் வாசனை வந்தது. தெருவில் எந்த வீட்டிலோ வேலை நடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை வீடு வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தது. எல்லோருக்கும் பயம், அதனால்தான் என்று எண்ணினேன். அதிகாரி சொன்ன நேரத்துக்கு வந்தார். என் வயதுப் பெண். ரப்பர் செருப்பு, தோளில் பை, இடுப்பில் இழுத்து அளக்கும் டேப். சிரித்தபோது முன்பல் ஒன்று கட்டின பல் என்று தெரிந்தது. நல்ல வேலை, எந்த லேபில் செய்தது என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. அத்தை காபியோடு வந்தார்.

"இன்ஸ்பெக்ஷன் நேரத்துல எதுவும் சாப்பிடக் கூடாதும்மா."

"காபி சாப்பாடா? குடிக்கிறதுதானே."

"தண்ணி மட்டும் குடிக்கலாம்."

"தண்ணியைக் குடிச்சுட்டு எங்க வீட்டைப் பத்தி என்ன நல்லதா எழுதப் போறீங்க" என்றார் அத்தை. நல்லதாக எழுதினால் நாம் தொலைந்தோம் என்று அவருக்கு யார் நினைவூட்டுவது. கணவன் அவசரமாக அதிகாரியைச் சமையலறைக்கு அழைத்துப் போனான்.

அதிகாரி கோப்பைப் பிரித்து, நாங்கள் அனுப்பிய போட்டோக்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டார். சமையலறைக் கதவைத் தள்ளினார். அது வெண்ணெயில் கத்தி போல நகர்ந்தது. மறுபடி இழுத்தார், தள்ளினார். ஒரு சத்தமும் இல்லை. நான் கணவனைப் பார்த்தேன். அவன் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுவதும் எங்கே என்ன முனகுகிறது என்று காதை வைத்துக் கேட்பதுதான் தொழில். அவன் என் கண்ணைச் சந்திக்கவில்லை. குளியலறைக்குப் போனோம். குழாய் சொட்டவில்லை. அதிகாரி கையை அதன் அடியில் நீட்டிப் பொறுமையாகக் காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம், பிள்ளை பேசும் என்று சொல்லிவிட்டு அது வாயைத் திறக்காதபோது நிற்கும் பெற்றோர் மாதிரி.

"பேசின் உடைஞ்சிருக்குன்னு போட்டிருக்கீங்களே. எங்க?"

இப்போது என் முறை. குனிந்தேன். எனக்கே கண்டுபிடிக்க முடியவில்லை. வெட்கமும், சொல்லக் கூடாத ஒரு பெருமையும் சேர்ந்து காது சூடானது. கடைசியில் லேபில் செய்வதுபோல நகத்தால் தட்டிக்கொண்டே போனேன். ஓரிடத்தில் ஓசை மாறியது. "இங்கதான்" என்றேன். "நான்தான் அடைச்சேன். பல்லு செய்யற பொருளை வச்சு."

"பல்லு?"

"பல் லேப்ல வேலை பார்க்கறேன்."

அதிகாரி சட்டென்று வாயை மூடிக்கொண்டார். உதட்டுக்குள் நாக்கு முன்பல்லைத் தடவுவது வெளியே தெரிந்தது. பிறகு போட்டோவைப் பார்த்தார், பேசினைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். குரல் மாறியிருந்தது.

"இந்தப் போட்டோ எல்லாம் இந்த வீட்லதான் எடுத்ததா?"

அந்தக் கேள்வியில் வீடே ஒரு நிமிஷம் ஆடியது. இது எங்களுக்குத் தோன்றவேயில்லை. குறையில்லாத வீட்டைக் காட்டிக்கொண்டு, வேறு யாருடைய வீட்டுக் குறைகளையோ எடுத்து அனுப்பியவர்கள் என்று எழுதிவிட்டால் மனு அங்கேயே முடிந்தது. அத்தையின் அறையும் முடிந்தது. கணவன் பேசத் தொடங்கினான். வேகமாகப் பேசினால் அவனுக்கு வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்.

"எங்க வீடுதாங்க. சத்தியமா எங்க வீடுதான். நேத்து சாயங்காலம் நான்தான் எண்ணெய் விட்டேன். வாஷர் மாத்தினேன். வர்றவங்க முன்னாடி கதவு அப்படிக் கத்தினா, நான் ஒரு மெக்கானிக்குங்க, என்ன நினைப்பாங்க?"

"குறையைப் பார்க்கத்தானே நான் வர்றேன்?"

"ஆமாங்க."

"அது தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சும்தாங்க" என்றான். தலையைக் குனிந்துகொண்டான். நானும் குனிந்துகொண்டேன். வாத்தியார் முன்னால் இரண்டு பேரும் ஒரே தப்புக்காக நிற்பதுபோல இருந்தது. எங்கள் இருவருக்கும் இடையில் இப்படி ஒரு ஒற்றுமை உண்டென்று அதுவரை நான் நினைத்ததில்லை. சண்டையில்கூட நான் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். இந்த முட்டாள்தனத்தில் மட்டும் அவ்வளவு பொருத்தம்.

அதிகாரி போட்டோக்களை மறுபடி கோப்புக்குள் அடுக்கினார். பிறகு பெருமூச்சு விட்டார். "எங்க வீட்டுக்கு எலக்ட்ரிஷியன் வர்றார்னா நான் முதல்ல மெத்தை உறையை மாத்துவேன்" என்றார். "நம்பறேன். ஆனா இன்னிக்கு என் கண்ணுல படறதைத்தான் நான் எழுத முடியும். நல்ல நிலைன்னுதான் எழுதணும். வேற என்ன இருக்கு?"

"ஈரச் சுவர்" என்றான் கணவன், மூழ்குகிறவன் குரலில்.

அத்தை எங்களுக்கு முன்னால் போய்த் தன் அறைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே நுழையும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. நேற்று வீசிய வாசனை எந்த வீட்டிலிருந்தும் வரவில்லை. சுவர் பளீரென்றிருந்தது. அதிகாரி விரலால் தொட்டார், விரல் வெள்ளையாக வந்தது. கணவன் சுவரைப் பார்த்தான், பிறகு தன் அம்மாவை. "அம்மா" என்றான்.

"என்னடா அம்மா? உன் பொண்டாட்டி பல்லு வச்சு பேசினை அடைக்கிறா, நீ எண்ணெய் டப்பாவைத் தூக்கிட்டு அலையற. எல்லாம் பார்த்துட்டுதான் இருந்தேன். என் ரூமை மட்டும் ஊர்க்காரங்க முன்னாடி அழுக்கா வச்சிருக்கணுமா?" அதிகாரியிடம் திரும்பினார். "பாருங்கம்மா, காலையில வெளிச்சம் கட்டில்வரைக்கும் வரும். இங்க உட்கார்ந்தா சந்துல போறவங்க காலு மட்டும் தெரியும், யார் காலுன்னு நான் சொல்லிடுவேன். கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கு. இது மாதிரி ரூம் இந்தத் தெருவுலயே கிடையாது."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். தன் அறை பறிபோகாமல் இருக்கத்தான் இவ்வளவும் என்று அறியாமல், அதைப் பறிகொடுக்கத் தேவையான எல்லாச் சொற்களையும் ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார். நடுவில் புகுந்து நிறுத்த வேண்டும். ஆனால் அப்படி ஒரு குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. யாருடைய வீட்டைப் பற்றியும் அவர் 'என்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. வரி ஏறினால் ஏறட்டும், இவர் பேசி முடிக்கட்டும் என்று என்னில் ஒரு பாதி நினைத்தது.

அதிகாரி அத்தை சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டபடியே சந்துப் பக்கம் நடந்தார். நடக்க நடக்கக் குனிந்தார். அந்த அறை பழைய சொந்தக்காரர் பிற்பாடு ஒட்டிக் கட்டியது. கூரை வீட்டுச் சுவரில் உயரமாகத் தொடங்கிச் சந்துப் பக்கம் சரிந்து இறங்கும். அதிகாரி நின்றார். மேலே பார்த்தார். இடுப்பிலிருந்து டேப்பை உருவினார். ஓரிடத்தில் அளந்தார், இரண்டடி நகர்ந்து மறுபடி அளந்தார். கணவனைக் கூப்பிட்டு ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார். தரையில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தார். கோட்டுக்கு இந்தப் பக்கம் உள்கதவோரம் கொஞ்சம், அந்தப் பக்கம் கட்டில், அலமாரி, சன்னல் எல்லாம்.

"இதை ரூம்னா போட்டிருக்காங்க?" என்றார், தனக்குத் தானே போல.

"நாலாவது ரூம்" என்றான் கணவன்.

"கோட்டுக்கு அந்தப் பக்கம் உயரம் பத்தாது. பாதிக்கு மேல இப்படி இருந்தா அது ரூம் கணக்குல வராது. ஸ்டோர்னுதான் போடணும். சாமான் வைக்கிற இடம்." எங்களைப் பார்த்தார். "மூணு ரூம் வீடுன்னு ஆயிட்டா மதிப்பு நல்லாவே குறையும். ஆனா உங்க மனுவுல இதை நீங்க கேட்கவே இல்லை. கேட்டாத்தான் நான் எழுத முடியும். இப்ப இந்த இடத்துல சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டாப் போதும்."

கணவன் முகம் விளக்குப் போட்டதுபோல ஆனது. பேனாவை வாங்கக் கை நீட்டினான். பாதியில் கை நின்றுவிட்டது. அவன் தன் அம்மாவைப் பார்த்துவிட்டான். அதிகாரி பேனாவை என்னிடம் கொடுத்தார். வீடு எங்கள் இருவர் பெயரிலும் இருக்கிறது.

எழுத வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அறை காப்பாற்றப்பட வேண்டுமானால் அது அறை இல்லை என்று நான் எழுத வேண்டும். மெத்தை, தலையணை, சன்னலோரம் மருந்துச் சீசாக்கள், மடித்து வைத்த போர்வை, உள்தாழ்ப்பாள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே, சாமான் வைக்கும் இடம் என்று. கூடத்திலும் சோபாவிலும் கிடந்தவருக்குக் கடைசியில் கிடைத்த கதவை, அரசாங்கத்துக்குத் தெரியும்படி, அவர் எதிரிலேயே அழிக்க வேண்டும். வீட்டின் குறைகளை எழுதியபோது பேனா இவ்வளவு கனக்கவில்லை. அவையெல்லாம் உண்மை. இதுவும் அளந்து பார்த்த உண்மைதான். ஆனாலும் கை போகவில்லை.

"ஸ்டோர்னு எழுதிட்டா அப்புறம் இங்க யாரும் படுக்கக் கூடாதா?" என்று அத்தை கேட்டார்.

"உங்க வீட்ல நீங்க எங்க படுக்கறீங்கன்னு நாங்க வந்து பார்க்க மாட்டோம்மா. அது உங்க இஷ்டம்."

"வாடகைக்கு விடலாமா?"

கணவன் டேப்பின் முனையை விட்டுவிட்டான், அது சர்ரென்று சுருண்டு அதிகாரியின் கைக்கு ஓடியது.

"அது முடியாது. ஸ்டோரைக் குடியிருக்க வாடகைக்கு விட அனுமதி கிடையாது."

"எப்பவுமே?"

"எப்பவுமே."

அத்தை சேலை முந்தானையால் சுவரின் ஒரு துளிப் பெயிண்டைத் துடைத்தார். அவசரமே இல்லை. "அப்ப எழுது" என்றார் என்னிடம். "ஸ்டோர்னே எழுது. பழைய சாமானை வச்சிருக்கோம்னு வேணா சேர்த்து எழுது."

"அத்தை... வாடகைப் பேச்சு உங்களுக்கு யார்..."

"சுவர் மெல்லிசுன்னு நீதானே மனுவுல எழுதின? அதை மட்டும் மூணு பேர்ல யாரும் ரிப்பேர் பண்ணலை." என்னைப் பார்க்காமல், சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். "என் பையனை நீ வா, போன்னு பேசறதும்தான் கேட்குது. முதல்ல கோவமா வந்துச்சு. அப்புறம் பழகிடுச்சு. அவன் ஆபீஸ்ல திட்டு வாங்கின அன்னிக்கு நீ 'விடுடா'ன்னு சொன்ன பாரு, அது நல்லா இருந்துச்சு."

அதிகாரி கூரையை மிகக் கவனமாக ஆராய்ந்துகொண்டிருந்தார். கணவன் காதுவரை சிவந்திருந்தான். நான் சுவரோடு காகிதத்தை வைத்து எழுதினேன். அவசரத்தில் ஈரப் பெயிண்டை மறந்துவிட்டேன். மனுவின் பின்பக்கம் முழுக்க வெள்ளை அப்பிக்கொண்டது. அதிகாரி அதை இரண்டு விரலால் பிடித்து வாங்கி, ஊதி, கோப்புக்குள் வைக்காமல் தனியாகக் கையில் பிடித்துக்கொண்டார். விசாரணையில் மூன்று பேர் உட்கார்ந்து முடிவு செய்வார்களாம். தன் வேலை எழுதிக் கொடுப்பதுதானாம். குறையுமா என்று கணவன் கேட்டதற்கு, "நான் சொல்லக் கூடாது" என்றார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, என் பக்கம் குனிந்து, "இந்தப் பல்லு கொஞ்சம் ஆடற மாதிரி இருக்கு. இன்ஸ்பெக்ஷன் எல்லாம் முடிஞ்சப்புறம் உங்க லேபுக்கு வரலாமா?" என்று மட்டும் கேட்டார்.

அவர் போன பிறகு நாங்கள் இருவரும் கூடத்தில் நின்றோம். அவனை இனி நீ என்பதா நீங்க என்பதா என்று எனக்குத் தெரியவில்லை. உள்ளேயிருந்து அத்தை கூப்பிட்டார். சுத்தியலையும் ஒரு ஆணியையும் கொண்டுவரச் சொன்னார்.

கட்டிலில் பழைய துண்டு ஒன்று பிரித்துக் கிடந்தது. அதிலிருந்து எடுத்த கண்ணாடியைக் கையில் வைத்திருந்தார். மரச் சட்டம் போட்ட, ஓரங்களில் ரசம் போன கண்ணாடி. இது அவரிடம் இருந்ததே எங்களுக்குத் தெரியாது. "எங்க மாட்டறதும்மா?" என்று கணவன் உயரமான பக்கத்துச் சுவரைத் தொட்டான். அத்தை தலையை ஆட்டினார். சாக்பீஸ் கோட்டைத் தாண்டி, சன்னலோரம், கூரை இறங்கும் பக்கம் போய் நின்றார். அங்கே நாங்கள் இருவரும் குனிய வேண்டும். அத்தை நேராக நின்றார். அவர் தலைக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு கை அளவு இடம் மிச்சமிருந்தது.

"இங்கயா?"

"கீழ."

"இங்க?"

"இன்னும் கீழ. உனக்கா மாட்டறோம்?"

முதல் அடியில் பெயிண்டும் காரையும் சேர்ந்து உதிர்ந்தன. "போட்டோ எடுத்துக்கோங்க" என்றார் அத்தை. இரண்டாவது அடியில் ஆணி பிடித்துக்கொண்டது. கண்ணாடியை மாட்டிவிட்டுப் பின்னால் நகர்ந்தோம். அதில் கணவனின் சட்டைப் பொத்தான்கள் தெரிந்தன, என் கழுத்துச் சங்கிலி தெரிந்தது. தலையில்லாத எங்கள் இருவருக்கும் நடுவில் அத்தையின் முகம் முழுதாக இருந்தது. நெற்றியிலிருந்து முகவாய்வரை, கன்னத்தில் ஒரு பொட்டு வெள்ளைப் பெயிண்டோடு. அவர் அதைத் துடைக்கவில்லை. இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார், அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"தள்ளி நில்லுங்க ரெண்டு பேரும்" என்றார். "வெளிச்சம் மறைக்குது."